கார்னெலுக்கு எதிரே நின்றவன்

ஆரின் டாலிவருக்குக் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் வெதர்லி ஊரில் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே? கட்ட மாட்டார். "உங்க வேலியோரம் ரெண்டடி புல்லு மட்டும் பச்சையா இருக்கு பாருங்க, அடியில குழாய் கசியுது" என்பார். "உங்க நாய் முன்னங்கால ஊன்ற விதம் சரியில்ல" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பாதிரியாரின் மனைவியைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, உங்க செருப்புல வலது குதிகால் மட்டும் தேஞ்சிருக்கு, இடுப்பை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அந்த அம்மாள் ஒரு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த மாதம் இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கடுத்த மாதம் பீச் பழம் வைத்து ஒரு கேக் செய்து அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

என் தலையில் முதல் நரையைக் கண்டு சொன்னதும் அவர்தான். நான் சலூன் வைத்திருப்பவள். என் கையில் கத்தரி இருக்கும்போது, என் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னார். அன்றைக்கு அவர் காது தப்பியது என்னுடைய நல்ல மனசால்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்ததே இல்லை. எங்கள் கல்லூரியான வெதர்லி ஸ்டேட்டுக்கு ஆடியவர்களில் மிகச் சிறந்த ரிசீவர் யார் என்கிற பேச்சு வந்தால் கூரையைப் பார்ப்பார். அந்தப் பேச்சோ என் சலூனில் சனிக்கிழமை தவறாமல் வரும். அலபாமாவில் சனிக்கிழமை காலையில் தலைமுடி வெட்டிக்கொள்ள வருகிற ஆண்பிள்ளை வேறு எதைப் பேசுவான்?

எங்கள் ஃபுட்பால் காலால் உதைக்கிறதல்ல, கையால் எறிந்து பிடிக்கிற ஆட்டம். அதில் ரிசீவர் என்றால் மைதானத்தின் ஓரத்தில் நிற்பவன். ஆட்டம் கிளம்பியதும் மறிக்கிறவனை ஏமாற்றி ஓடி, பின்னாலிருந்து எறிகிற பந்தை ஓடுகிற ஓட்டத்திலேயே கையில் வாங்குகிறவன். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது இரண்டு வருடமும் எங்கள் அணியில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். இடது ஓரத்தில் கார்னெல் மேப்ரி. வலது ஓரத்தில் லமான்ட் சைக்ஸ். லமான்ட் பிறகு பெரிய நகரத்துக்குப் போய்ப் பணத்துக்கு ஆடுகிற அணியில் ஏழு வருடம் ஆடினார். இப்போது எங்கேயோ கடற்கரையோரம் இருக்கிறார். கார்னெல் ஊரிலேயே தங்கிவிட்டார். என் சலூனுக்கு நேர் எதிரே டயர் கடை வைத்திருக்கிறார். தெருவைக் கடந்து வந்து தன்னைப் பற்றிய விவாதத்தில் தானே கலந்துகொள்வார். அந்த தைரியம் யாருக்கும் வராது.

கார்னெல் பக்கம் பேசுகிறவர் மிஸ்டர் ஹோசியா. எழுபத்தெட்டு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வேகவைத்த கடலைப் பொட்டலம் இல்லாமல் உள்ளே வர மாட்டார். லமான்ட் பக்கம் பேசுகிறவள் நான்.

"எண்பத்தொன்பதுல பதினோரு ஆட்டம் எடுத்துப் பாரு புள்ள. ஒவ்வொண்ணுலயும் கார்னெல்தான் லமான்டை விட அதிகமா பிடிச்சிருக்கான். எண்ணிக்கை பொய் சொல்லுமா?" என்பார் ஹோசியா.

"பன்னிரண்டாவது ஆட்டத்தையும் எண்ணுங்க மிஸ்டர் ஹோசியா. கிரேஞ்சர் கல்லூரியோட. எத்தனை பிடிச்சாரு?"

"அந்த ஒரு நாளை விடு."

"எப்படி விடறது? லமான்ட் ஒம்பது. நம்மாளு பூஜ்யம். கடைசி நிமிஷம் எல்லைக் கோட்டுக்கிட்ட இவருக்குத்தான் எறிஞ்சாங்க. கிரேஞ்சர்காரன் முன்னாடியே போய் நின்னு வாங்கிட்டான். கார்னெல் அண்ணே, கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க, அன்னிக்கு நீங்க மைதானத்துக்கு வந்தீங்களா, இல்ல வீட்ல படுத்துத் தூங்கிட்டீங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். கார்னெலும் சிரிப்பார். "தங்கச்சி, அன்னிக்கு என் பேரைப் போட்டுக்கிட்டு வேற எவனோ ஆடிட்டான்" என்பார். பிறகு யாராவது ஆரின் பக்கம் திரும்புவார்கள். "யோவ் ஜட்ஜு, நீ சொல்லு." ஆரின் கூரையைப் பார்ப்பார்.

பதினேழு வயதில் அந்த ஆட்டத்தை நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்து வந்தேன். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது, அதனால்தான் விடாமல் கேட்டேன். அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்த பத்தொன்பது வருடமும் கேட்டேன். இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

ஆரினை ஜட்ஜ் என்று நாங்கள் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டு வருடமும் அவரும் அதே அணியில் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. பயிற்சியின்போது அடுத்த வாரத்து எதிரணியைப் போல வேஷம் கட்டி ஆடுவதற்கென்று ஒரு கூட்டம் வைத்திருப்பார்கள். ஆரின் அந்தக் கூட்டத்தில் ரிசீவரை மறிக்கிறவர். இந்த வாரம் எதிரணியில் இருபத்திரண்டாம் எண்காரன் மறிப்பான் என்றால், ஆரினுக்கு இருபத்திரண்டு போட்ட சட்டை. அடுத்த வாரம் ஐந்து. அவன் எப்படி நிற்பானோ அப்படி நிற்க வேண்டும், எப்படி ஏமாறுவானோ அப்படி ஏமாற வேண்டும். ஒரு நாள் கார்னெலுக்கு எதிரே, ஒரு நாள் லமான்டுக்கு எதிரே. இரண்டு வருடம் இரண்டு பேரையும் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். தீர்ப்புச் சொல்ல வேறு யாருக்குத் தகுதி?

போன செப்டம்பரில் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அணி தொடங்கி நூறு வருடம் ஆகிறதாம். ரிசீவர்கள் கூடிப் பாடம் கேட்கிற அறைக்கு ஒருவருடைய பெயரை வைக்கப் போகிறார்களாம். பழைய ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் ஒரே ஒரு பெயர் எழுதி அனுப்ப வேண்டும். வேஷக்கூட்டத்து ஆரினுக்கும் சீட்டு வந்தது.

அந்தச் சனிக்கிழமை கார்னெல் என் நாற்காலியில் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் வெட்டி முடித்து வலது பக்கம் திரும்பியிருந்தேன். ஹோசியா கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஆரின் உள்ளே வந்து, சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

"மாட்டிக்கிட்டான்யா ஜட்ஜு!" என்று ஹோசியா துள்ளினார். "முப்பத்தி நாலு வருஷமா கூரையைப் பாத்தே காலத்தை ஓட்டிட்ட. இப்ப பேனா எடுத்தாகணும்."

"அனுப்பாம விட்டாலும் விடுவேன்" என்றார் ஆரின்.

"ஏன்டா? என் முகத்துக்காகவா?" என்றார் கார்னெல், கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து. "எனக்காக நீ ஒண்ணும் கஷ்டப்பட வேணாம். நான் என் சீட்டை நேத்தே எழுதியாச்சு."

"அதுல என்ன ரகசியம்? தன் பேரைத்தான் எழுதிருப்பாரு" என்றேன் நான்.

கார்னெல் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். மடித்த உறை ஒன்று. இன்னும் ஒட்டவில்லை. என்னிடம் நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். டயர் மேல் எழுதுகிற தடித்த பேனாவால், பெரிய எழுத்தில், லமான்ட் சைக்ஸ் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹோசியா எட்டிப் பார்த்துவிட்டுக் கடலையைக் கீழே வைத்தார்.

"என்னடா இது? உனக்காக நான் இவ்வளவு வருஷம் தொண்டை கிழியக் கத்தறேன், நீ என்னடான்னா..."

"கத்தினதுக்கு நன்றி மிஸ்டர் ஹோசியா" என்றார் கார்னெல். "ஆனா நான் அங்க இருந்தவன். கிரேஞ்சர்காரன் அன்னிக்கு என்னைய ஒண்ணுமில்லாம ஆக்கிட்டான். நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி அங்க நின்னான். நல்ல ஆளு எதிர்ல வந்ததும் என் சாயம் வெளுத்துருச்சு. சின்ன ஆளுங்கள வெச்சு ஆடின வரைக்கும் ராஜா. அவ்வளவுதான் நான். இங்க உக்காந்து சிரிக்கிறது வேற, கையெழுத்துப் போடறது வேற."

அதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எந்தக் காருக்கு எந்த டயர் என்று சொல்கிற குரலில் சொன்னார். என் கையிலிருந்த மெஷினை அணைத்தேன்.

ஆரின் எழுந்து நின்றார்.

"கிரேஞ்சர்காரன் உன்னை விட நல்லா ஆடல கார்னெல். அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"என்ன தெரிஞ்சிருந்துச்சு?"

"பந்து உனக்கு வருதா வரலையான்னு. ஒவ்வொரு தடவையும், ஆட்டம் கிளம்பறதுக்கு முன்னாடியே. நீயே சொல்லிக் காட்டுவ."

"நானா? என்னடா உளர்ற?"

"எழுந்து நில்லு. இன்னிக்கும் செய்வ. மெர்லீன், அவர் காதுல மட்டும் சொல்லு. பந்து அவருக்குன்னா அவருக்குன்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. நான் சொல்றேன் எதுன்னு."

அரைத்தலை வெட்டிய கார்னெல் கழுத்தில் கட்டிய துணியோடு சலூன் நடுவில் வந்து நின்றார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, லேசாகக் குனிந்து. நின்ற மாத்திரத்தில் அவருக்கு இருபது வயது குறைந்தது, தொப்பை மட்டும் குறையவில்லை. ஆரின் நாலடி தள்ளி முழங்காலை மடக்கி எதிரே நின்றார். நான் கார்னெலின் காதில், "உங்களுக்குத்தான்" என்றேன்.

"வருது" என்றார் ஆரின்.

மறுபடி காதில், "உங்களுக்கில்ல."

"வரல."

"உங்களுக்கில்ல."

"வரல."

"உங்களுக்கு."

"வருது."

"இவ உனக்குக் கண்ணால சாடை காட்டறா!" என்று கார்னெல் கத்தினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஹோசியா வந்து காதில் சொன்னார். ஐந்து தடவை. ஐந்தும் சரி. கடைசியில் கார்னெல் நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது.

"என்ன செய்யறேன்?"

"உன் வலது கையைப் பாரு."

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். வலது கை இடுப்பருகே, போர்த்தியிருந்த துணியின் மேல் இருந்தது. துணியில் அந்த இடம் மட்டும் கசங்கியிருந்தது.

"அப்பல்லாம் இடுப்புல வெள்ளைத் துண்டு ஒண்ணு செருகியிருப்ப" என்றார் ஆரின். "பந்து உனக்குன்னா, வந்து நின்னதும் விரலை ஒரு தடவை அதுல துடைப்ப. உனக்கில்லேன்னா துடைக்க மாட்ட. ஒரு தடவைகூடத் தவறினதில்ல."

கார்னெல் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ இதை எப்பப் பார்த்த?"

"எண்பத்தெட்டு ஆகஸ்ட்ல. ரெண்டாவது வாரம்."

"ரெண்டு வருஷமும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

ஆரின் கூரையைப் பார்க்கவில்லை. நேராகக் கார்னெலைப் பார்த்துத்தான் பேசினார்.

"கோச் ஹாஸ்கெலுக்கு என் பேரே தெரியாது. அந்த வாரம் எந்தச் சட்டையோ, அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார். துண்டைக் கண்டுபிடிச்ச மறுநாள், உனக்கு வந்த பந்த மூணு தடவை தட்டி விட்டேன். பயிற்சியை நிறுத்திட்டு, யாருடா அவன்னு கேட்டார். டாலிவர்னு யாரோ சொன்னாங்க. 'நல்லா இருக்கு டாலிவர்' அப்படின்னார். எங்கப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். உன்கிட்ட சொல்லிட்டா நீ துடைக்கறத விட்டுடுவ. நான் மறுபடி எண்ணாயிடுவேன். அதனால சொல்லல. தினமும் தட்டி விடமாட்டேன். சந்தேகம் வராத மாதிரி, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு."

"கிரேஞ்சர் ஆட்டத்துல?"

"ஓரத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். முதல் கால் மணியிலயே புரிஞ்சுபோச்சு. அவன் உன் முகத்தைப் பார்க்கல, இடுப்பைத்தான் பாத்தான். இடைவேளையில உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன் கார்னெல். தண்ணி வேணுமான்னு கேட்டேன். அதைக் கேட்ட வாயால இதைச் சொல்லிருக்கலாம். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும், எத்தனை நாளா தெரியும்னு கேப்பாங்க. பயந்துட்டேன்."

ஹோசியா வாயில் போட்ட கடலையை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். கார்னெல் ஓரடி முன்னால் வந்தார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"முப்பத்தி நாலு வருஷம்" என்றார். "நான் இவ்வளவுதான்னு நெனச்சே வாழ்ந்துட்டேன். நகரத்துலேருந்து ஆள் தேட வந்தவங்க அந்த ஒரு ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் என் பேரை அடிச்சாங்க. அது பரவாயில்ல. நானே என் பேரை அடிச்சுக்கிட்டேனேடா. கிரேஞ்சர் கோச்சுங்க நாலு பேர், சீசன் பூரா படம் போட்டுப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பாங்க. நீ நேர்ல நின்னு, வெறுங்கண்ணால, ரெண்டே வாரத்துல பார்த்துட்ட. அவ்வளவு கண்ணு உனக்கு. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இடைவேளையில தண்ணி வேணுமான்னு கேட்டிருக்க."

கழுத்துத் துணியோடு, பாதி வெட்டிய தலையோடு, கதவைத் திறந்து தெருவைக் கடந்து போய்விட்டார். ஆரின் அங்கேயே நின்று அழுதார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, கார்னெல் மேப்ரி என்று எழுதி, என்னிடமே தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை.

அன்று மதியம் மெஷினையும் கத்தரியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு டயர் கடைக்குப் போனேன். கார்னெல் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றினார். டயர் அடுக்கின் மேல் அவரை உட்காரவைத்து வலது பக்கத்தை வெட்ட ஆரம்பித்தேன்.

"அண்ணே, நானும் பத்தொம்பது வருஷமா அதையே குத்திக் குத்திக் கேட்டேன். என்னைய மன்னிச்சுருங்க."

"நீ கேட்டதுல தப்பில்ல தங்கச்சி. நானும் என்னைய அதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"உறை இன்னும் என்கிட்டதான் இருக்கு. வேற சீட்டு வாங்கி உங்க பேரை எழுதறீங்களா?"

"வேணாம். போட்டுரு. லமான்ட் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைப்பான். பந்து வந்தாலும் வராட்டியும் துடைப்பான். நான் கேலி பண்ணிருக்கேன், என்னடா பொம்பள மாதிரின்னு. அதுவும் ஆட்டத்துல சேர்த்திதான். நேத்து வெக்கத்துல அவன் பேரை எழுதினேன். இன்னிக்குத் தெரிஞ்சு எழுதறேன்."

பொம்பள மாதிரி என்றதற்கு வேறு நாளாக இருந்தால் ஒரு பக்கக் கிருதாவை எடுத்திருப்பேன். விட்டுவிட்டேன். இரண்டு சீட்டையும் அன்றே தபாலில் சேர்த்தேன். அக்டோபர் கடைசியில் முடிவு வந்தது. அறைக்கு லமான்ட் பெயர். ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆரின் ஊமையாகிப் போனார். மீட்டர் மூடியைத் திறப்பார், எழுதுவார், மூடுவார், போவார். பாதிரியார் மனைவி என் கடைக்கே வந்து, "மிஸ்டர் டாலிவருக்கு உடம்பு சரியில்லையா? நான் வேணும்னே ஒத்தைச் செருப்பு மாத்திப் போட்டுக்கிட்டு நின்னேன், ஒரு வார்த்தை சொல்லல" என்றார். என் கடைப் பின்புறம் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அவர் அதன் மேலேயே மிதித்துக்கொண்டு போனார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனாலும் அதைப் பார்த்தபோது பயமாகிவிட்டது. அதுவரை எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொன்னாரே, அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதற்காகத்தான் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நவம்பரில் எங்கள் தெருவுக்கு மீட்டர் பார்க்க வந்தார். டயர் கடை மீட்டர் தெருவோரத்திலேயே இருக்கிறது. பதினோரு மணி இருக்கும். எனக்கு வாடிக்கையாளர் யாருமில்லை. வாசலைப் பெருக்குகிற சாக்கில் வெளியே வந்து நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று எனக்கும் தெரியும். துடைப்பத்தோடு தெருவில் பாதி தூரம் போயே விட்டேன்.

ஆரின் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கார்னெல் கடைக்குள்ளிருந்து வந்து அவர் தலைக்கு மேலே நின்றார்.

"டாலிவர்."

ஆரின் நிமிரவில்லை.

"நிமிருடா. உன்னைய அடிக்க மாட்டேன், வயசாயிருச்சு."

ஆரின் எழுந்தார்.

"கோவம் போகல" என்றார் கார்னெல். "போகுமான்னும் தெரியல."

"சரி."

"ரெண்டு வருஷம் தினமும் என் முன்னாடி நின்ன. துண்டை மட்டுமா பார்த்துக்கிட்டிருந்த?"

"இல்ல."

"வேற என்ன பார்த்த?"

ஆரின் மீட்டர் மூடியைக் காலால் தள்ளி மூடினார். பிறகு பேச ஆரம்பித்தார். முதலில் தட்டுத் தடுமாறித்தான் பேசினார். முழு வேகத்தில் ஓடுகிறவன் மூன்றே எட்டில் நின்றுவிடுவதை, கார்னெலுக்கு முன்னும் பின்னும் தான் எவனிடமும் பார்த்ததில்லை என்றார். அவர் திரும்பப் போகிறார் என்று இடது தோள் சொல்லும், ஆனால் பாதி நாள் அந்தத் தோளும் பொய் சொல்லும் என்றார். அதை நம்பித் தான் புல்லில் குப்புற விழுந்த கதையைச் சொன்னார். கார்னெல் ஒரு டயரைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எண்பத்தொன்பது அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை, மழை" என்றார் ஆரின். "பந்த ரொம்பப் பின்னால எறிஞ்சுட்டாங்க. நான் உன்னைத் துரத்தறத விட்டுட்டு நின்னுட்டேன், யாராலயும் எடுக்க முடியாதுன்னு. நீ ஓடிக்கிட்டே ஒரு கையைப் பின்னால நீட்டின. திரும்பிக்கூடப் பார்க்கல. எடுத்துட்ட. கோச் அந்தப் பக்கம் வேற யாரையோ திட்டிக்கிட்டிருந்தார். மத்தவங்க மழைக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டிருந்தாங்க. லமான்ட் ஏழு வருஷம் பெரிய மைதானத்துல ஆடினதை டிவியில ஒண்ணு விடாமப் பார்த்தேன். அந்த மாதிரி ஒண்ணு அவன் பிடிக்கவே இல்ல. அதை நான் ஒருத்தன்தான் பார்த்தேன்."

"அதை என் பொண்டாட்டிகிட்ட சொல்லிருக்கேன்" என்றார் கார்னெல். "அவ நம்பல. யாரு பார்த்தான்னு கேட்டா. வருஷம் போகப் போக எனக்கே சந்தேகமாயிருச்சு. கிரேஞ்சர்ல பூஜ்யம் வாங்கினவன் அதெல்லாம் பிடிச்சிருப்பானா, நானாக் கட்டிவிட்டதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கட்டிவிட்டதில்ல."

"எந்தக் கை?"

"இடது. உள்ளங்கையில படவே இல்ல. சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும்தான் பந்துல இருந்துச்சு."

கார்னெல் தன் இடது கையைத் தூக்கி, டயர் கறை படிந்த அந்த இரண்டு விரலையும் விரித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அழுதார். ஆரின் அவருக்கு எதிரே நின்றபடி, அடுத்து நடந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.